இரண்டு படங்கள், ஒரு காட்சி

இயற்பியலை முதன்மைப் பாடமாக எடுத்தவர்கள் மட்டுமல்லர், துணைப் பாடமாக எடுத்து ஓராண்டு ஆய்வகத்தில் நின்றவர்களும் வீட்ஸ்டன் என்ற பெயரை மறந்திருக்க மாட்டார்கள். பலகையில் பதித்த ஒரு மீட்டர் கம்பி, ஒரு பக்கம் தெரிந்த தடை, மறுபக்கம் தெரியாத தடை, நடுவே கால்வனாமீட்டர். தொடுசாவியைக் கம்பியின் மேல் இங்கும் அங்கும் நகர்த்தி, முள் ஆடாமல் நிற்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். பிடிபட்டால் பதிவேட்டில் கையெழுத்து; பிடிபடாவிட்டால் அடுத்த வாரமும் அதே மேசை! நம் நினைவில் இப்படிப் பதிந்துவிட்ட அந்தச் சமனச்சுற்று உண்மையில் வீட்ஸ்டன் கண்டுபிடித்ததன்று. 1833-இல் அதை முதலில் விளக்கியவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி என்பவர். வீட்ஸ்டன் அதன் பயனை உணர்ந்து 1843-இல் உலகறியச் செய்தார். கிறிஸ்டிக்கு உரிய பெருமையையும் மறைக்காமல் சொன்னார். ஆயினும் உலகம் சுற்றுக்கு வீட்ஸ்டன் பெயரையே சூட்டிவிட்டது.

தமக்கு உரியதல்லாத ஒன்றால் பெயர் பெற்ற இம்மனிதர், தமக்கே உரிய ஒரு பெருங்கண்டுபிடிப்பால் பெயர் பெறாமல் போனார். நாம் இரண்டு கண்களால் உலகை எப்படி ஒன்றாக, அதுவும் ஆழமும் திண்மையும் உள்ளதாகக் காண்கிறோம் என்பதை முதன்முதலில் சோதனையால் காட்டியவர் அவர்தாம். தட்டையான படத்தைக் காணும் மூளைக்கும், திண்மையான காட்சியைக் காணும் மூளைக்கும் என்ன வேறுபாடு என்று ஆய்வாளர்கள் இன்று கருவிகளைக் கொண்டு அளக்கிறார்கள். அந்த அளவீடுகள் அனைத்துக்கும் மூலம் 1838-இல் அவர் மேசைமேல் நிறுத்திய இரண்டு கண்ணாடித் துண்டுகள்.

சார்லஸ் வீட்ஸ்டன் 1802-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள் இங்கிலாந்தில் கிளாஸ்டர் நகரை அடுத்த பார்ன்வுட்டில் பிறந்தார். குடும்பத் தொழில் இசை. தந்தையார் புல்லாங்குழல் செய்து விற்பவர், கற்பிப்பவர். சார்லஸுக்கு நான்கு வயதானபோது குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சிற்றப்பா ஒருவர் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். பதினான்கு வயதளவில் சிறுவன் அவரிடம் தொழில் பழக அனுப்பப்பட்டான். கடையில் நின்று விற்பதில் அவனுக்கு மனம் ஒட்டவில்லை. பழைய புத்தகக் கடைகளில் ஒட்டியது. வோல்டாவின் மின் ஆய்வுகளைப் பற்றிய ஒரு பிரெஞ்சு நூலைக் காசு சேர்த்து வாங்கினான் என்றும், அதைப் படிக்க மேலும் காசு சேர்த்து அகராதி வாங்கினான் என்றும், மின்கலம் செய்யச் செப்புத் தகடு வாங்கப் பணமில்லாமல் கையிலிருந்த செப்புக் காசுகளையே தகடாக அடுக்கினான் என்றும் ஒரு கதை வழங்குகிறது. எவ்வளவு மெய், எவ்வளவு புனைவு என்பது ஒருபுறம் இருக்க, அவருடைய பிற்கால வாழ்வோடு அது நன்றாகவே பொருந்துகிறது.

அவர் முதலில் புகழ் பெற்றது ஒரு வேடிக்கையால். 1821-இல் லண்டனில் ஒரு காட்சிக்கூடத்தில் யாழ் ஒன்றைக் கூரையிலிருந்து மெல்லிய கம்பியில் தொங்கவிட்டார். யாரும் தொடாமலே அந்த யாழிலிருந்து இசை எழுந்தது. கூடியிருந்தோர் வியந்தனர். சூட்சுமம் மேல்மாடியில் இருந்தது! அங்கே வாசிக்கப்பட்ட கருவிகளின் அதிர்வு, கூரையைத் துளைத்து இறங்கிய கம்பி வழியே யாழின் உடலுக்கு வந்து ஒலித்தது. இசை பிறந்தது ஓரிடம்; காது அதைக் கேட்டது வேறிடம். இதே பாணியில் கண்ணையும் ஒருநாள் அவர் ஏமாற்றப் போகிறார் என்பதை அன்று யார் கண்டார்கள்!

சிற்றப்பா 1823-இல் இறந்தபின் சார்லஸும் தம்பியும் கடையை ஏற்று நடத்தினர். கான்செர்ட்டினா என்னும் கைத்துருத்தி இசைப்பெட்டி அவர் ஆக்கியதே. பள்ளிப்படிப்புக்கு மேல் பல்கலைக்கழகம் எதையும் கண்டறியாத அவரை, ஒலியைப் பற்றிய ஆய்வுகளை மெச்சி, 1834-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி சோதனை இயற்பியல் பேராசிரியராக அமர்த்திக்கொண்டது. அவ்வாண்டிலேயே அரை மைல் நீளச் செப்புக் கம்பியில் மின்சாரம் ஓடும் வேகத்தை அளக்க முற்பட்டார். தீப்பொறிகளின் பிம்பத்தை, விநாடிக்கு 800 முறை சுழலும் சிறு கண்ணாடியில் பார்த்தார். கிடைத்த விடை ஒளியின் வேகத்தையும் மிஞ்சியது, அதாவது தவறு. ஆனால் சுழலும் கண்ணாடி என்னும் உத்தி தவறவில்லை. பிற்காலத்தில் ஃபூக்கோ ஒளியின் வேகத்தை அளந்தது அதே உத்தியால்தான்.

பேராசிரியரானார், ஆனால் பேச வரவில்லை. நண்பர்கள் நடுவே தடையின்றிப் பேசுபவர், அவை என்றால் வாயடைத்துப் போவார். ராயல் இன்ஸ்டிட்யூஷனில் அவருடைய ஒலி ஆய்வுகளைப் பொதுமக்களுக்கு விளக்கிச் சொற்பொழிவாற்றியவர் மைக்கேல் ஃபாரடே! சோதனைகளை ஆயத்தம் செய்து கொடுத்துவிட்டு இவர் ஒதுங்கி நிற்பார். கிங்ஸ் கல்லூரியிலும் அவருடைய வகுப்புகள் நாளடைவில் அருகிப் போயின. பதவி மட்டும் இறுதிவரை இருந்தது. நம் பேராசிரியர்கள் இதைப் படித்து என்ன நினைப்பார்களோ, நான் அறியேன்.

இனிக் கண்ணுக்கு வருவோம்.

நீங்கள் இருக்கும் இடத்திலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஊசி ஒன்றைக் கையில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பக்கவாட்டிலிருந்து அதன் காதில் நூலை நுழைக்க முயலுங்கள். நூல் ஊசிக்கு முன்னேயோ பின்னேயோ போகும். இரு கண்களையும் திறந்தால் உடனே சரியாகிவிடும். நம் கண்கள் ஏறத்தாழ ஆறரை சென்டிமீட்டர் இடைவெளியில் இருப்பதால் இடக்கண் காணும் காட்சி வேறு, வலக்கண் காணும் காட்சி வேறு. கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, கண்களை மாற்றி மாற்றி மூடினால் விரல் சுவரின்மேல் இடம் பெயர்வது தெரியும்.

இந்த வேறுபாடு பழைய அறிஞர்களுக்குத் தெரியாததன்று. யூக்ளிடும் காலனும் இதைக் குறித்துள்ளனர். லியனார்டோ டாவின்சி, எவ்வளவு திறமையாகத் தீட்டினாலும் ஓவியம் மெய்ப்பொருளைப்போல் திரண்டு நிற்காது என்பதற்கு இரு கண் பார்வையே காரணம் என்று கண்டார். ஆனால் அவர்கள் எல்லோரும் இந்த வேறுபாட்டை ஓர் இடையூறாகவே எண்ணினர். இரு கண்ணிலும் ஒத்த இடங்களில் ஒத்த பிம்பம் விழுந்தால்தான் பொருள் ஒன்றாகத் தெரியும், பிசகினால் இரண்டாகத் தெரியும் என்பது வீட்ஸ்டன் காலத்து நூல்களின் முடிவு. அந்த இடையூறே ஆழத்தைக் காணும் வழியாக இருந்தால் என்ன என்று திருப்பிக் கேட்டவர் வீட்ஸ்டன் ஒருவரே.

கேட்டதோடு நில்லாமல் கருவியும் செய்தார். இரண்டு சமதளக் கண்ணாடிகளை ஒன்றுக்கொன்று செங்கோணமாக, முனை பார்ப்பவரின் மூக்குக்கு நேரே வருமாறு நிறுத்தினார். இடப்பக்கப் பலகையில் ஒரு படம், வலப்பக்கப் பலகையில் ஒரு படம். இடக்கண்ணுக்கு இடக் கண்ணாடி வழியே இடப்படம் மட்டும், வலக்கண்ணுக்கு வலப்படம் மட்டும் தெரியும். ஒரு கனசதுரத்தை இடக்கண் எப்படிக் காணுமோ அப்படி ஒன்று, வலக்கண் காண்பதுபோல் ஒன்று எனப் படங்களை வரைந்து வைத்தார். பார்த்தவர்களுக்கு இரண்டு தட்டைப் படங்கள் மறைந்தன. காகிதத்தில் எங்குமே இல்லாத ஒரு கனசதுரம் காற்றில் நின்றது! இரு படங்களையும் இடம் மாற்றி வைத்தால் முன்னே நின்றது பின்னே போயிற்று. இக்கருவிக்கு ஸ்டீரியாஸ்கோப் என்று பெயரிட்டு, 1838 ஜூன் 21-ஆம் நாள் ராயல் கழகத்தின் முன் தம் கட்டுரையை வைத்தார். 1840-இல் அக்கழகம் அவருக்கு ராயல் பதக்கம் வழங்கியது.

இங்கே நாம் சற்று நின்று கவனிக்க வேண்டியது அவர் எத்தகைய படங்களைத் தேர்ந்தெடுத்தார் என்பதை. வெறும் கோடுகளை மட்டுமே வரைந்தார். நிழல் தீட்டவில்லை, வண்ணம் பூசவில்லை. ஏன்? நிழலும் வண்ணமும் ஒற்றைக் கண்ணுக்கே ஆழத்தை உணர்த்திவிடும். அவை கலந்தால், கண்ட ஆழம் இரு கண்ணால் வந்ததா நிழலால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? மற்ற குறிப்புகளை எல்லாம் உரித்தெடுத்துவிட்டு, இரு படங்களுக்கும் இடையே உள்ள சிறு வேறுபாட்டை மட்டும் விட்டுவைத்தார். அழகான படங்களைக் காட்டிக் கைதட்டல் வாங்கியிருக்கலாம், அவர் வாங்கவில்லை. என் கருத்தில், கருவியைவிட இந்தக் கட்டுப்பாடே அவருடைய பெருமை.

அதே கட்டுரையில் இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு கண்ணுக்கு எஸ் என்னும் ஆங்கில எழுத்து, மறு கண்ணுக்கு ஏ என்னும் எழுத்து. இரண்டும் கலந்து ஓர் எழுத்தாகத் தெரியவில்லை. சிறிது நேரம் ஒன்று தெரியும், பிறகு அது சிதைந்து மற்றது தெரியும். விரும்பினாலும் ஒன்றையே நிறுத்தி வைக்க முடியாது. கண்ணில் விழும் படம் மாறவே இல்லை. காண்பது மட்டும் மாறுகிறது. அப்படியானால் காண்பது எங்கே நடக்கிறது? கண்ணில் அன்று, அதற்கும் பின்னால் என்பது தெளிவாயிற்று.

கண்களை முன்னும் பின்னும் அசைத்து அசைத்துப் பார்ப்பதால்தான் ஆழம் தோன்றுகிறது என்று சிலர் மறுத்தனர். 1841-இல் டோவ் என்னும் ஜெர்மன் அறிஞர் மின்பொறியின் ஒரே ஒரு பளிச்சிடலில் ஸ்டீரியாஸ்கோப் படங்களைக் காட்டினார். கண் அசைய நேரமே இல்லை; ஆழம் தெரிந்தது.

புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல், அதாவது ஸ்டீரியாஸ்கோப்புக்கு அடுத்த ஆண்டு. வீட்ஸ்டன் உடனே டால்பட் முதலியோரிடம் இரட்டைப் புகைப்படங்கள் எடுத்துத் தரக் கேட்டார். ஆயினும் அவருடைய கருவி மேசையளவு பெரியது. 1849-இல் ஸ்காட்லாந்து அறிஞர் சர் டேவிட் புரூஸ்டர், கையில் அடங்கும் சிறு பெட்டியில் இரண்டு வில்லைகளைப் பொருத்திய ஸ்டீரியாஸ்கோப்பை அமைத்தார். 1851-ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சியில் விக்டோரியா அரசியார் அதைக் கண்டு மகிழ, வீடுதோறும் அது பரவியது. எகிப்தின் பிரமிடுகளையும் சுவிட்சர்லாந்தின் மலைகளையும் மக்கள் வரவேற்பறையில் அமர்ந்தபடி கண்டனர். அத்தோடு நின்றிருந்தால் நன்று. புரூஸ்டர், கண்டுபிடிப்பின் முதன்மையே வீட்ஸ்டனுக்கு உரியதன்று, எடின்பரோ ஆசிரியர் எலியட் என்பவருக்கு உரியது என்று வாதாடத் தொடங்கினார். 1856-இல் இருவருக்கும் டைம்ஸ் நாளிதழில் கடிதப் போரே நடந்தது. வேடிக்கை என்னவென்றால் புரூஸ்டரும் இத்தகைய அநீதிக்கு ஆளானவர். வண்ணச் சிதறல்களைக் காட்டும் கலைடாஸ்கோப் அவர் படைப்பு. ஊரெல்லாம் அதைப் போலியாகச் செய்து விற்றபோது அவருக்குக் கிடைத்தது சொற்பமே. பட்டவர்தாம் பிறருக்கும் அதைச் செய்வார் போலும்!

வீட்ஸ்டன் வாழ்வில் இத்தகைய வழக்குகள் குறைவில்லை. இந்தியப் படையில் பணியாற்றித் திரும்பிய குக் என்பவரோடு சேர்ந்து 1837-இல் மின் தந்திக்குக் காப்புரிமை பெற்றார். யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சச்சரவு வந்து, 1841-இல் நடுவர்கள் தீர்க்க வேண்டியதாயிற்று. ஈரெழுத்துகளைச் சேர்த்து மறைமொழி எழுதும் முறை ஒன்றை 1854-இல் வகுத்தார். நண்பர் பிளேஃபேர் பிரபு அதை அரசினரிடம் பரிந்துரைக்கப் போக, அது பிளேஃபேர் மறைமொழி என்றே இன்றும் வழங்குகிறது. சமனச்சுற்றில் கிறிஸ்டிக்கு நேர்ந்தது இங்கே வீட்ஸ்டனுக்கு நேர்ந்தது. கணக்கு நேராகிவிட்டது எனலாமா?

1852-இல் மீண்டும் பார்வை ஆய்வுக்கு வந்தார். இம்முறை சூடோஸ்கோப் என்னும் கருவி. இரண்டு பட்டகங்களின் வழியே, இடக்கண்ணுக்கு உரிய காட்சியும் வலக்கண்ணுக்கு உரிய காட்சியும் தலைகீழாக மாறிப் போகும். அதன் வழியே பார்த்தால் தேநீர்க் கோப்பையின் குழிந்த உட்புறம் குவிந்து தெரியும். பூகோள உருண்டை குழிந்த கிண்ணமாகும். ஆனால் எல்லாப் பொருளும் எல்லோருக்கும் உடனே அப்படி மாறிவிடுவதில்லை. பழக்கமும் நிழலும் எதிர்த்து நிற்கும். குழிந்த மனித முகத்தை யார் கண்டதுண்டு? மூளை அதை எளிதில் ஏற்காது. கண்கள் கொடுப்பதை மூளை அப்படியே வாங்கிக் கொள்வதில்லை, எடைபோட்டே வாங்குகிறது என்பது அன்றே புலப்பட்டது.

1847-இல் எம்மா வெஸ்ட் என்பவரை மணந்து ஐந்து மக்களைப் பெற்றார். மனைவியார் அவருக்கு முன்பே மறைந்தார். 1868-இல் சர் பட்டமும் ராயல் கழகத்தின் காப்ளி பதக்கமும் வந்தன. 1875 அக்டோபர் 19-ஆம் நாள், பாரிசுக்குச் சென்றிருந்தபோது மூச்சுக்குழல் அழற்சியால் காலமானார். உடல் லண்டன் கென்சல் கிரீன் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

அவர் விட்டுச்சென்ற வினா மட்டும் அடங்கவில்லை. இரு படங்கள் மூளைக்குள் எங்கே, எப்படி ஒன்றாகின்றன?

வீட்ஸ்டனின் கோட்டுப் படங்களிலும் ஒரு குறை இருந்தது. கனசதுரம் என்பது ஒற்றைக் கண்ணுக்கே தெரிந்துவிடும். முதலில் உருவத்தை அறிந்து, பிறகு மூளை ஆழத்தைக் கற்பிக்கிறதோ? இந்த ஐயத்தை 1960-இல் தீர்த்தவர், ஹங்கேரியிலிருந்து அமெரிக்கா சென்று பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய பேலா யூலெஸ். கணிப்பொறியைக் கொண்டு தாறுமாறான கறுப்பு வெள்ளைப் புள்ளிகளை நிரப்பிய இரு படங்களை ஆக்கினார். இரண்டும் ஒன்றேபோல் இருக்கும். நடுவிலுள்ள ஒரு சதுரப் பகுதியின் புள்ளிகள் மட்டும் ஒரு படத்தில் சற்றுப் பக்கவாட்டில் தள்ளியிருக்கும். தனித்தனியே பார்த்தால் எந்தக் கண்ணுக்கும் எந்த உருவமும் இல்லை. சேர்த்துப் பார்த்தால் சதுரம் மிதந்து எழுகிறது! வீட்ஸ்டன் நிழலை உரித்தார். யூலெஸ் உருவத்தையே உரித்துவிட்டார்.

1967-இல் பார்லோ, பிளேக்மோர், பெட்டிகுரூ ஆகிய மூவர், மயக்கத்தில் ஆழ்த்திய பூனையின் பார்வைப் புறணியில் நுண்மின்வாயைச் செலுத்தி, ஒவ்வொரு நரம்பு உயிரணுவின் துடிப்பையும் கேட்டனர். சில உயிரணுக்கள், இரு கண் படங்களுக்கிடையே ஒரு குறிப்பிட்ட அளவு வேறுபாடு இருந்தால் மட்டும் மிகுதியாகத் துடித்தன. வீட்ஸ்டன் காகிதத்தில் வரைந்த வேறுபாட்டை அளக்கும் உயிரணு மூளையிலேயே இருக்கிறது!

மனிதர் தலையில் மின்வாயைச் செலுத்த முடியாதே? உச்சித்தோலின் மேல் ஒட்டலாம். 1924-இல் ஹான்ஸ் பெர்கர் தொடங்கிய மூளை மின்னலைப் பதிவு அது. ஆனால் ஒரு படம் எழுப்பும் அலை மைக்ரோவோல்ட் கணக்கில் சிலவே. மூளையின் ஓயாத பின்னணி இரைச்சலோ அதனினும் பன்மடங்கு. சந்தைக்கடை நடுவே ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்றது. ஆகவே அதே படத்தை நூற்றுக்கணக்கான முறை காட்டி, பதிவுகளைச் சராசரி எடுப்பார்கள். இரைச்சல் தேய்ந்து, எழுப்பப்பட்ட அலை எஞ்சும். தட்டைப் படத்துக்கு எழும் அலையையும் திண்படத்துக்கு எழும் அலையையும் இவ்வாறு ஒப்பிட வேண்டும். இங்கேதான் பலர் வழுக்குவர். தட்டைப் படம் வெளிச்சமாகவும் திண்படம் கண்ணாடி அணிந்து மங்கலாகவும் இருந்தால், அளந்தது ஆழத்தையா வெளிச்சத்தையா? கண்கள் ஒன்றுக்குக் குவிந்தும் மற்றதற்கு விரிந்தும் இருந்தால், அளந்தது கண் தசையின் மின்சாரமாகவும் இருக்கலாம். அதே புள்ளிகள், அதே ஒளி, அதே கண்ணாடி. இரு கண்ணுக்கும் ஒரே படமா, சிறிது வேறுபட்ட படமா என்பது மட்டுமே மாற வேண்டும். வீட்ஸ்டன் கோடுகளோடு நிறுத்திக்கொண்ட அதே கட்டுப்பாடுதான்! 1984-இல் வந்த மை டியர் குட்டிச்சாத்தான் படத்தைக் கண்ணாடி அணிந்து பார்த்துவிட்டுத் தலைவலியோடு வெளிவந்தவர்கள் உண்டு. கண்கள் திரைக்கு முன்னே மிதக்கும் உருவத்தை நோக்கிக் குவிய, வில்லையோ திரையின் தொலைவுக்கே சரிசெய்யப்பட்டிருக்கும். மெய்ப்பொருளைக் காணும்போது இரண்டும் பிரிவதில்லை. மூளையின் எதிர்வினையை அளப்பவர் இந்தப் பிணக்கையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

1997-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கம்மிங், பார்க்கர் இருவரும் குரங்குகளில் ஒரு விந்தையைக் கண்டனர். ஒரு கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் புள்ளி மறு கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியுமாறு படம் அமைத்தால், பார்ப்பவருக்கு ஆழமே தோன்றாது. ஆனாலும் முதல் பார்வைப் புறணியிலுள்ள உயிரணுக்கள் வேறுபாட்டை உணர்ந்து பதில் கொடுத்தன. உயிரணு துடிக்கிறது, காட்சி இல்லை! எனவே அந்த முதல் படியில் வேறுபாடு அளக்கப்படுகிறதேயன்றி, ஆழம் காணப்படுவதில்லை. பின்னர் 2001-லும் 2003-லும் வந்த காந்தப் படப்பதிவு ஆய்வுகளில், அதற்கு மேற்பட்ட வீ-3-ஏ என்னும் பகுதி திண்காட்சிக்குக் குறிப்பாக வலுவான பதில் கொடுப்பது தெரிந்தது. எனினும் ஆழம் காணும் இடம் இதுவே என்று ஒரு புள்ளியைத் தொட்டுக்காட்ட இயலவில்லை. பல பகுதிகளும் சேர்ந்தே அதைச் செய்கின்றன.

என்னை மிகவும் கவர்ந்தது 1981-இல் வெளியான குழந்தைகள் ஆய்வு. வாய் திறந்து சொல்ல இயலாத கைக்குழந்தையிடம் ஆழம் தெரிகிறதா என்று எப்படிக் கேட்பது? யூலெஸும் பிறரும் கேட்டனர். ஒற்றைக் கண்ணுக்கு வெறும் புள்ளிக் கொந்தளிப்பாகவும், இரு கண்ணையும் இணைக்கும் மூளைக்கு மட்டும் மாறுவதாகவும் தெரியும் காட்சியைக் காட்டி, குழந்தையின் தலையில் மின்னலையைப் பதிந்தனர். பிறந்த புதிதில் அலை அந்த மாற்றத்தைத் தொடரவில்லை. இரண்டு மாதத்துக்கும் ஐந்து மாதத்துக்கும் இடையே தொடரத் தொடங்கியது. நாம் பிறவியிலேயே இவ்வாறு காண்பவர்கள் அல்லர். மாறுகண் உள்ள குழந்தைக்கு இளமையிலேயே மருத்துவம் செய்ய வேண்டும் என்று கண் மருத்துவர்கள் வற்புறுத்துவதன் பின்னணியும் இதுவே. இரு கண்களும் ஒருங்கே நோக்காமல் அந்தப் பருவம் கடந்துவிட்டால், திண்பார்வை முழுமையாகக் கிட்டுவது அரிது.

இன்றும் பார்வை ஆய்வகங்கள் பலவற்றில் சோதனைக்கு அமர்பவர் முன்னே இரண்டு கணிப்பொறித் திரைகள் இடமும் வலமும் நிற்கின்றன. நடுவே, மூக்குக்கு நேரே, செங்கோணமாக இரண்டு கண்ணாடிகள். ஆய்வுக் கட்டுரைகளில் அந்த அமைப்பை வீட்ஸ்டன் ஸ்டீரியாஸ்கோப் என்றே குறிப்பிடுகிறார்கள்.